மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே ஒரு கல்லூரி

மதிப்பும் பாசமும் சரிபாதியாகக் கலந்து நான் என்றும் நினைத்திருக்கும் பெரியப்பா அவர்களுக்கு,

கல்லூரி மகளிர் விடுதியின் மாடியறையிலிருந்து உங்கள் தம்பி மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். கீழ்வீட்டில் நீங்களும் பெரியம்மாவும் நலம், மேல்வீட்டில் அப்பாவும் அம்மாவும் நலம் என்பது கேட்காமலே தெரிகிறது. நலமில்லாதவர்களால் ஒரே நாளில் விடுதிக்கு இத்தனை முறை போன் செய்ய முடியாது. இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் வாயைத் திறந்ததும் "அத உங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லு" என்று குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்துவிடுங்கள். பாதியில் மடித்துப் படிக்கட்டில் வைத்துவிடாதீர்கள். இது மேல்வீட்டுக்கு அல்ல, உங்களுக்கு.

முதலில் கல்லூரியைப் பற்றி. நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே எல்லாம் மணியால் நடக்கிறது. எழுவதற்கு ஒரு மணி, ஆராதனைக்கு ஒரு மணி, சாப்பாட்டுக்கு, படிப்புக்கு, விளக்கணைப்பதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. என் அறைத்தோழிக்கு அலாரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் எழுப்பும் மணிக்கு முன்பே எழுந்து, தலைவாரி, கட்டிலில் கைகட்டி உட்கார்ந்துகொண்டு, மணி ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று என்னை எழுப்பிக் கேட்பாள். அவள் அப்பா பாதிரியார், சித்தப்பா பாதிரியார், அதனால் இந்த வாழ்க்கை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நமக்கு அப்படியா? நம் வீட்டில் சாமி கும்பிடுவதே பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும்தானே. முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் பசி தாங்காமல் வாய் நிறையப் போட்டுக்கொண்ட பிறகுதான் கவனித்தேன், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். மென்றால் மரியாதை இல்லை, விழுங்கினால் தொண்டை அடைக்கும். கன்னத்தை உப்பிக்கொண்டு நானும் நின்றேன். கல்லூரிப் பாதிரியார் உணவுக்காக நன்றி சொன்னார், சமைத்தவர்களுக்காக, விளைவித்தவர்களுக்காக, பட்டினி கிடப்பவர்களுக்காக, பிறகு உலக நாடுகளுக்காக ஜெபித்தார். உலகத்தில் நாடுகள் எவ்வளவு அதிகம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் நான் உருகி ஜெபிக்கிறேன் என்று நினைத்துத் தோளில் கைபோட்டாள். அப்படித்தான் அலாரம் எனக்குத் தோழியானாள்.

ஆராதனைக் கூடத்தில் இன்னொரு சங்கடம். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் வெட்கம். முன்வரிசையில் உயரமான பெண் ஒருத்தியைக் குறித்து வைத்துக்கொண்டேன். அவள் எழுந்தால் எழுவது, உட்கார்ந்தால் உட்காருவது. சில நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் அவள் எழுந்தாள், எழுந்தேன். நடந்தாள், நடந்தேன். படியேறினாள், ஏறினேன். திரும்பிப் பார்த்தால் கல்லூரி முழுவதும் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. நான் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் நிற்கிறேன். யாரோ கையில் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் திணித்தார்கள். இறங்கி ஓடுவதைவிடப் பாடுவது குறைந்த அவமானம் என்று முடிவு செய்து பாடினேன். ஒரு இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள், நான் நிறுத்தவில்லை. முடிந்ததும் பாட்டு மாஸ்டர் கூப்பிட்டார்.

"இந்தக் குரல எங்க பழக்குனே?"

"வீட்ல சார். மாடிப்படியில."

"மாடிப்படியிலயா? யாரு கத்துக்குடுத்தா?"

"யாருமில்ல சார். கீழ்வீட்டுச் சேதிய மேல்வீட்டுக்கும், மேல்வீட்டுச் சேதியக் கீழ்வீட்டுக்கும் நின்ன எடத்துலேருந்தே கத்திச் சொல்லுவேன்."

அவர் தலையாட்டிவிட்டு, வாரம் இரண்டு மாலை ஒத்திகைக்கு வரச் சொன்னார். ஆக நான் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறேன் பெரியப்பா. நீங்களும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசாத சண்டையால் விளைந்த ஒரே நன்மை இது, அதனால் முறைப்படி நன்றி சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டு மாணவிகளின் செல்போன்களை எல்லாம் வார்டன் அம்மா வாங்கிப் பீரோவில் பூட்டி, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கொடுக்கிறார். இது சரியா தவறா என்று ஒழுக்கக்கல்வி ஆசிரியை வகுப்பில் கேட்டார். என் முறை வந்தது. "வார்டன் அம்மா சரிங்கறாங்க மேடம். என் ரூம் தோழி தப்புங்கறா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உட்காரப் போனேன். "அது அவங்க சொல்றது. நீ என்ன நினைக்கிறே?" என்றார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. போய்ச் சொல்லு, கேட்டுட்டு வா, இந்த இரண்டையும் கேட்டே வளர்ந்தவள் நான். ஆசிரியை அவசரப்படுத்தாமல் நின்றார், வகுப்பே நின்றது. கடைசியில் "தப்புதான் மேடம். ஆனா பூட்டி வெச்சிருக்கறது எனக்கு நிம்மதியா இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்காமல் "ஏன்?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனால் அறைக்குத் திரும்பும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த நிம்மதிக்கு ஆயுசு குறைவு. பீரோவில் பூட்டினாலும், அவசரம் என்றால் கூப்பிட விடுதி அலுவலகத்தின் போன் எண் பெற்றோர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உயிர்போகிற அவசரம் என்று அவர்கள் நினைத்துக் கொடுத்த எண் அது. இரண்டாம் வாரம், வேதியியல் ஆய்வகத்தில், முதன்முதலாக என் கையில் ப்யூரெட். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட்டு, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் சட்டென்று மூட வேண்டும். கண்ணிமைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து விடுதி ஆயா மூச்சிரைக்க வந்து "வீட்லேருந்து அவசரமாப் போன்" என்றார். போட்டது போட்டபடி கிளம்பினேன். ஆய்வகத்தில் இருந்த பெண்கள் அங்கேயே கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்கள். மைதானத்தைத் தாண்டி ஓடும்போதே உங்கள் நான்கு பேரையும் மனசுக்குள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். ரிசீவரை எடுத்தால், நீங்கள்.

"தொட்டி நெறஞ்சு வழியுது. உங்கப்பன் மோட்டாரப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டான். நிறுத்தச் சொல்லு."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் நின்றது வாசலில். அப்பா உட்கார்ந்திருந்தது உங்கள் தலைக்கு நேர்மேலே. நான் நின்றது ஒரு இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்தால் சேருகிற ஊரில். அம்மாவும் பெரியம்மாவும் "ஒங்க சண்டையில எங்கள இழுக்காதீங்க" என்று ஆரம்பத்திலேயே கைகழுவிவிட்டு, துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டைமாடியில் சந்தோஷமாகக் கதையளக்கிறார்கள். வீட்டில் இருக்கிற ஒரே பிள்ளை என்பதால் தபால் வேலை என் தலையில் விழுந்தது. நானும் அப்பாவைக் கூப்பிட்டேன். "நான் அப்பவே நிறுத்தியாச்சு. அந்தப் பெரிய மனுஷருக்குக் கண்ணு இருந்தா மேல வந்து பாத்துக்கட்டும்னு சொல்லு" என்றார். நான் உங்களிடம், "அப்பா நிறுத்திட்டாராம் பெரியப்பா. சொன்னதுக்கு நன்றின்னார்" என்றேன். அந்த நன்றி என் சொந்தச் சரக்கு. ஆய்வகத்துக்குத் திரும்பினால் அவசரத்தில் மூட மறந்த ப்யூரெட் காலியாகி, குடுவை முழுவதும் அடர் சிவப்பாகக் கிடந்தது. அன்றைய செய்முறைக்கு எனக்கு மதிப்பெண் இல்லை.

அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. தபால்காரர் உங்கள் கடிதத்தை மேல்வீட்டில் கொடுத்துவிட்டார், அவசரம். அப்பாவின் ஸ்கூட்டர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவசரம். வகுப்பு நேரத்தில் மாணவியை இழுத்துக்கொண்டு வர முடியாது என்று வார்டன் அம்மா, நல்லெண்ணத்தில், "நானே உங்க தம்பிகிட்டச் சொல்லிடறேன்" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வினை அங்கேதான் பிடித்தது. வார்டன் அம்மா பொய் சொல்லமாட்டார். சொன்னதைச் சொன்னபடியே சொல்வார். "உங்க அண்ணன் சொல்றார், மூளை இருக்கறவன் வாசல்ல வண்டிய நிறுத்தமாட்டானாம்" என்று சாந்தமான குரலில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் இத்தனை வருஷமாக இரண்டு பக்கமும் சர்க்கரை தூவி நடத்திய வண்டி ஒரே வாரத்தில் குடைசாய்ந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வார்டன் அம்மா எந்தப் போனையும் "கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் தருவாராக" என்று சொல்லித்தான் வைப்பார். பால்காரரிடம் பேசினாலும் அப்படித்தான். அப்பாவுக்கு அது தெரியாது. நீங்கள் சொல்லி அனுப்பிய சேதியின் கடைசி வரி அது என்று நினைத்துக்கொண்டார். மூளை இல்லை என்று திட்டிவிட்டுச் சமாதானம் வேறா என்று அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. "அவர் சமாதானத்த அவரே வெச்சுக்கட்டும். எனக்கு வேண்டாம்னு தெளிவாச் சொல்லிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வார்டன் அம்மா வெலவெலத்துப் போனார். முப்பது வருஷம் விடுதியை நடத்தியவர், கர்த்தருடைய சமாதானத்தை இப்படி முகத்திலடித்தாற்போல் வேண்டாம் என்ற தகப்பனை அவர் பார்த்ததில்லை. அன்று மாலை ஜெபக் கூட்டத்தில், "முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தகப்பனார் இருதயம் இளகும்படி" ஜெபிக்கச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்து எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் காலை விடுதியில் பாதிப்பேர் அப்பாவுக்காக உபவாசம். அலாரம் ரொட்டியைத் தொடவில்லை. எனக்கு மட்டும் பசித்தது. சாப்பாடு பரிமாறுகிற அம்மா என் தட்டில் கூடுதலாக வைத்து, "தெம்பு வேணும்மா உனக்கு. எப்படித்தான் அந்த வீட்ல வளர்ந்தியோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற என் அப்பா இந்தக் கல்லூரியில் ஒரு கொடுங்கோலன், பெரியப்பா. நீங்கள் எதிலும் மாட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பொறுக்கமாட்டாமல் பாதிரியாரைப் போய்ப் பார்த்தேன். மாடிப்படி விளக்கிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். விளக்கு மேலே, அதன் சுவிட்ச் கீழே. ஒரு மழைநாளில் அப்பா இருட்டில் வழுக்கி விழுந்ததும், விளக்கைப் போட்டு வைத்தால் என்ன என்று அவர் கேட்டதும், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து நீங்கள் "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடச் சொல்லு" என்றதும், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது நடந்த அதோடு உங்கள் இருவர் பேச்சும் நின்றதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கக்கூடாது என்று பாடுபட்டது தெரிந்தது. பிறகு சிரித்தே விட்டார்.

"அண்ணன் தம்பி விவகாரமா? நாங்க என்னமோன்னு பயந்துட்டோம்."

"வேண்டாம்னு சொல்லிடுங்க ஐயா. உபவாசம் எல்லாம் வேண்டாம்."

"ஆரம்பிச்ச ஜெபத்த நடுவுல நிறுத்தக்கூடாதும்மா. விஷயத்த மட்டும் மாத்திக்கலாம்."

மாற்றிவிட்டார். ஆராதனைக் கூடத்து வாசலில் ஜெபக் குறிப்புகள் எழுதும் கரும்பலகை ஒன்று இருக்கிறது. நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், மழை இவற்றுக்குக் கீழே இப்போது "கீழ்வீட்டு அண்ணனும் மேல்வீட்டுத் தம்பியும் பேச" என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "பேசிட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். நூலகர் கேட்கிறார். மூன்றாம் ஆண்டு அக்காக்கள் கேட்கிறார்கள். தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே உங்கள் இருவர்மேலும் கோபம் வருகிறது.

இவ்வளவும் சிரிக்கிற விஷயம்தான், பெரியப்பா. இனிமேல் சொல்லப்போவது அல்ல. நேற்று மாலை அப்பா பேசினார். "நீ இல்லாம இங்க ஒண்ணும் ஓடலம்மா. பக்கத்துத் தெருக் காலேஜ்ல எடம் இருக்காம். படிப்புன்னா எங்க படிச்சா என்ன, வந்துடு" என்றார். அம்மா வாங்கிப் பேசவில்லை. நீங்களும் வார்டன் அம்மாவிடம், அவள் திரும்பி வந்தால் தேவலை என்கிற மாதிரி ஏதோ சொன்னீர்களாம், அவர் அதைச் சொன்னபடியே என்னிடம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்துத் தெருக் கல்லூரியில் வேதியியல் இல்லை. இருந்தாலும் எனக்கு வேண்டாம். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. ஆய்வகத்தில் நேற்று அந்த ஒரு சொட்டில் சரியாக மூடினேன், குடுவையில் லேசான ரோஜா நிறம் நின்றது, ஆசிரியர் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னை அழைத்துப்போனால் நான் அழுவேன். வீட்டுக்கு வந்த பிறகும் அழுவேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவோடு ஒரே ஒருமுறை நேராகப் பேசுங்கள். மன்னிப்பு வேண்டாம், விளக்கு விவகாரம் வேண்டாம். "மோட்டார நிறுத்து" என்றால் போதும். அவர் "நிறுத்திட்டேன்" என்பார். நான் இல்லாமலும் வீடு நடக்கும் என்று உங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும், என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். பெரியவர் நீங்கள்தானே. அப்பா முதலில் பேசுவார் என்று காத்திருந்தால் நான் படிப்பைப் பாதியில் விட்டு வந்து மாடிப்படியில் நிற்க வேண்டியதுதான்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. மூட்டு வலிக்கு அவர் போடும் தைலத்தை மறக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவை மொட்டைமாடியில் பார்த்தால் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று பெரியம்மா சொல்லட்டும். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும் என்று கேட்டு, எல்லோரும் நீடூழி நலமாக இருக்க இங்கே ஒரு கல்லூரியே ஜெபிக்கிறது என்பதையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இரு வீட்டுக்கும் பொதுவான உங்கள் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் ஆயா வந்து வார்டன் அம்மா கூப்பிடுவதாகச் சொன்னார். அதன் பிறகு நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். மறுபாதி இந்தப் பக்கம் நடந்தது. அலுவலகப் போனில் நீங்கள் இருந்தீர்கள், அதே நேரத்தில் வார்டன் அம்மாவின் செல்போனில் அப்பா. எதற்கு என்று கேட்பதற்குள் ஆராதனை மணியடிக்க நேரமாகிவிட்டதாம். வார்டன் அம்மா "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி ரிசீவரையும் செல்போனையும் மேஜைமேல் ஒட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். வேண்டுமென்றே செய்தீர்களா என்று பிறகு கேட்டேன். "நான் மணியடிக்கப் போனேன்" என்கிறார். பொய் சொல்லாதவர் என்பதால் மேற்கொண்டு கேட்க வழியில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது அறையில் ஆளே இல்லை, மேஜை பேசிக்கொண்டிருந்தது. "ஹலோ, யாரு?" என்றது. "நீங்க யாரு?" என்றது. குரல் தெரிந்ததும் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். "சாப்டியாடா?" என்று கேட்டீர்கள். "இன்னும் இல்லண்ணே" என்றார் அப்பா. நான் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். அந்த 'அண்ணே'யைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. அழுதுகொண்டிருந்ததால் அடுத்ததைத் தடுக்க முடியாமல் போயிற்று. "புள்ள இல்லாம வீடே வெறிச்சோடிக் கெடக்குடா" என்றீர்கள். "ஆமாண்ணே." "மாசக் கடைசியில ரெண்டு பேருமாப் போய்க் கூட்டிட்டு வந்துடலாமா?" "நீங்க சொன்னாச் சரிண்ணே." "அப்ப போன வெச்சுட்டுக் கீழ வா, பேசிக்கலாம்." நான் பாடகர் குழுக் குரலில் "பெரியப்பா" என்று கத்தியது கட்டான போனில் போய் விழுந்தது.

கரும்பலகையில் உங்கள் வரியை அழித்துவிட்டார்கள். இன்று மாலை நன்றி ஆராதனை. விடுதியே குதிக்கிறது, தோட்டக்காரர் பூக்கொத்தோடு வந்து கைகுலுக்கினார். நான் முன்வரிசையில் நின்று பாட வேண்டுமாம், இந்தக் கல்லூரியை விட்டு என்னைப் போகவைக்கப்போகும் உங்கள் சமாதானத்துக்கு நன்றி சொல்வதற்காக. பட்டம் வாங்கும்வரை தயவுசெய்து அப்பாவோடு பேசாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். மனசு வரவில்லை.

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோள் ரத்து. இப்போது சொல்வது யாரும் சொல்லி அனுப்பியது அல்ல, நானே சொல்வது. நான் வரமாட்டேன். நான் வந்துவிட்டால் நீங்கள் இருவரும் மறுபடி என் வாயால்தான் பேசிக்கொள்வீர்கள். மாதக் கடைசியில் இரண்டு பேரும் வாருங்கள். என் அறையைப் பாருங்கள், நான் பாடுவதைக் கேளுங்கள், அப்பா கொடுங்கோலன் இல்லை என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இரண்டு சீட் மட்டும் பிடியுங்கள், பக்கத்துப் பக்கத்தில்.